ஏழைகளின் இல்லம் தேடிச் சென்ற பேராசிரியர்
முத்திப்பேறு பெற்ற பிரெடரிக் ஓசானாம்

யூபிலி மலர் என்றாலே பழமையை எண்ணிப் பார்ப்பது வழக்கம். கோவில் எழும்பிய வரலாறு, உழைத்த பங்குத்தந்தையர், கொடை தந்த குடும்பங்கள், நடந்தேறிய திருவிழாக்கள் ஆகியவற்றை நன்றியோடு நினைவுகூர்கிறோம். அது நம் கடமையே. ஆனால் பழம்பெருமையைப் பேசிக்கொண்டிருந்த கத்தோலிக்க இளைஞர்களைப் பார்த்து, சென்றது இருக்கட்டும், இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டுவிட்டான். அந்தக் கேள்வி ஒரு மாணவரின் நெஞ்சைச் சுட்டது. அதிலிருந்து பிறந்ததே பங்குகள்தோறும் ஏழைகளுக்குப் பணி செய்துவரும் புனித வின்சென்ட் தே பவுல் சபை. அம்மாணவர்தாம் பிரெடரிக் ஓசானாம். அவர் குருவல்லர், துறவியல்லர். மனைவியும் மகளும் உடைய இல்லறத்தார். அவருடைய வாழ்வை இம்மலரில் சிந்திப்பது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

ஓசானாம் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படையில் பணியாற்றிவிட்டுப் பின்னர் மருத்துவரானவர். 1816இல் குடும்பம் தம் சொந்த ஊராகிய லியோன் நகருக்குத் திரும்பியது. பெற்றோருக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளுள் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்களுள் மூத்தவர் அல்போன்ஸ் குருவானார். இளையவர் சார்லஸ் மருத்துவரானார்.

தந்தையார் ஏழை நோயாளிகள் பலருக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். தாயாரும் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பேணினார். அந்நகரில் ஏழைகள் குடியிருந்தது உயர்ந்த கட்டடங்களின் மேல் மாடிகளில். முதுமை வந்தபோது, நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். பின்னொரு நாள் இருவரும் வாக்கை மீறி, ஓர் உயர்ந்த மாடிப்படியில் ஒருவரையொருவர் கையும் களவுமாகச் சந்தித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்த மருத்துவர் 1837இல் மாடிப்படியிலிருந்து தவறி விழுந்தே இறந்தார். படியேறிச் சென்று ஏழையைக் காணும் பழக்கம் ஓசானாமுக்கு வீட்டிலேயே கிடைத்த சொத்து எனலாம்.

இளமையில் அவர் விசுவாசம் அலையின்றி இருந்ததில்லை. பள்ளிப் பருவத்தில் ஐயங்கள் அவரை வாட்டின. நுவாரோ என்னும் குருவானவர் தத்துவம் கற்பித்து, பொறுமையோடு அவரைத் தெளிவுபெறச் செய்தார். ஐயத்தின் வேதனையை அனுபவித்து அறிந்ததால், ஐயமுற்றோரை அவர் பிற்காலத்தில் ஏளனம் செய்ததேயில்லை.

பாரிஸ் மாநகரில்

1831இல் சட்டம் பயில ஓசானாம் பாரிஸ் சென்றார். அவ்வாண்டுதான் லியோன் நகரில் பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் கிளர்ந்தெழுந்தனர். பாரிசிலோ, பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் கிறிஸ்தவ மறை காலங்கடந்தது என்று வகுப்பிலேயே பேசிவந்தனர். துணையின்றித் தவித்த ஓசானாமுக்குத் தம் வீட்டில் இடம் தந்தார் ஒரு பெரியவர். இன்று மின்னோட்டத்தின் அளவைக்கு எவருடைய பெயர் வழங்குகிறதோ, அந்த ஆம்பியர் என்னும் விஞ்ஞானியே அவர். மனம் சோர்ந்திருந்த ஒரு நாளில் ஓசானாம் ஒரு கோவிலுக்குள் நுழைந்தபோது, அங்கே ஒரு மூலையில் ஆம்பியர் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டார் என்றும், அக்காட்சி எந்தப் பிரசங்கத்தையும்விட அவரைத் திடப்படுத்தியது என்றும் கூறுவர்.

1832இல் பாரிசைக் காலரா தாக்கியது. 18,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் சாவு மிகுதி. வேலை தேடி நகருக்கு வந்து, வேலையும் கூலியுமின்றி, இருண்ட அறைகளில் முடங்கிக் கிடந்த குடும்பங்கள் ஆயிரமாயிரம்.

சுட்ட கேள்வி

எம்மானுவேல் பெய்லி என்னும் பத்திரிகை ஆசிரியர் மாணவர்களுக்காக ஒரு வரலாற்று விவாதக் கழகம் நடத்திவந்தார். எக்கொள்கையினரும் அங்கே பேசலாம். திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை ஓசானாமும் அவர் நண்பர்களும் எடுத்துரைத்தார்கள். சான் சிமோன் என்பவரின் சமூகக் கொள்கையைப் பின்பற்றிய மாணவன் ஒருவன் எழுந்தான். கிறிஸ்தவம் முற்காலத்தில் அரும்பெருஞ் செயல்கள் செய்தது உண்மை என்று ஒப்புக்கொண்டான். ஆனால் இன்று அது செத்த மரம் என்றும், கத்தோலிக்கர் எனப் பெருமை பேசும் நீங்கள் உங்கள் விசுவாசத்தை மெய்ப்பிக்க ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டான்.

விவாதத்தில் வல்லவரான ஓசானாமிடம் இதற்கு விடையில்லை. எதிரியின் சொல்லில் உண்மை இருப்பதைக் கண்டு, கோபப்படாமல் வெட்கப்பட்டார். அதுவே அவருடைய பெருமை. பேச்சுப் போதும், ஏழைகளிடம் செல்வோம் என்று நண்பர்களை அழைத்தார்.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த அன்று, பெய்லியின் பத்திரிகை அலுவலகத்தில் அவர்கள் கூடினார்கள். மாணவர் அறுவர், பெய்லி ஒருவர், ஆக ஏழு பேர். பெய்லி தலைவராக அமர்ந்தார். கூட்ட முடிவில் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை, யார் எவ்வளவு போட்டார் என்று பிறர் அறியாவண்ணம் போட்டார்கள். இரகசியக் காணிக்கை எடுக்கும் வழக்கம் அவ்வாறு தொடங்கியது.

அருட்சகோதரி காட்டிய வழி

நல்ல மனம் இருந்ததே தவிர, ஏழைகளை எப்படி அணுகுவது என்று இம்மாணவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஆசிரியையாக வாய்த்தவர் அருட்சகோதரி ரோசலி ராந்து. புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த இவர், பாரிசின் மிக ஏழ்மையான மூப்தார் பகுதியில் பல்லாண்டுகள் பணி செய்தவர். உதவி தேவைப்பட்ட குடும்பங்களின் பட்டியலையும், ரொட்டிக் கடையில் கொடுத்து ரொட்டி பெறும் சீட்டுகளையும் மாணவர்களிடம் தந்து, வீடு வீடாக அனுப்பினார். ஏழையிடம் எப்படிப் பேசுவது, எப்படி உட்காருவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்பதை அவர்கள் அவரிடமே கற்றார்கள். சீட்டு கொடுப்பது சிறிது. நண்பனாக அமர்ந்து பேசுவது பெரிது என்பதே அவருடைய பாடம்.

ஓசானாமுக்குக் கிடைத்த முதற் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருத்தி, குடிகாரன் ஒருவனிடம் அன்றாடம் அடிபட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டிச் சீட்டு இத்துன்பத்தைத் தீர்க்காது என்பதை ஓசானாம் கண்டார். விசாரித்தபோது, அவர்கள் சட்டப்படி மணந்தவர்கள் அல்லர் என்று தெரியவந்தது. தாம் கற்ற சட்டத்தைக் கொண்டு அவளுக்கு அவனிடமிருந்து விடுதலை வாங்கித் தந்தார். பணம் திரட்டி அவளைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். மூத்த பையன்கள் இருவருக்குப் பெய்லியின் அச்சகத்தில் தொழில் பழக வழி செய்தார். அவருடைய பிறரன்பு கையை மட்டுமன்றி அறிவையும் பயன்படுத்தியது என்பதற்கு இது சான்று.

பிரிவதா, சேர்ந்திருப்பதா?

1834இல் புனித வின்சென்ட் தே பவுலைப் பாதுகாவலராகத் தெரிந்துகொண்டார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் அங்கத்தினர் நூறு பேரைத் தாண்டினர். ஒரே அறையில் இத்தனை பேர் கூடினால் ஏழைகளைப் பற்றி அமைதியாகப் பேச இயலாது. ஆகவே சபையைப் பிரிக்க வேண்டும் என்றார் ஓசானாம். நண்பர்கள் பலர் மறுத்தார்கள். நட்பு கலைந்துவிடும் என்று கண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஏழைகளுக்காகச் சபையே தவிர, நமக்காகச் சபையன்று என்ற எண்ணம் இறுதியில் வென்றது. 1835இல் சபை பிரிந்தது, பிரிந்ததனால் வளர்ந்தது. பங்குதோறும் கிளைச்சபை என்னும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. அவ்வாண்டே சபை ஒழுங்குகளும் எழுதப்பட்டன. 1845க்குள் ரோம், இலண்டன், டப்ளின், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆகிய நகரங்களுக்கும் சபை பரவியிருந்தது.

பேராசிரியரும் குடும்பத் தலைவரும்

ஓசானாம் 1836இல் சட்டத்திலும், 1839இல் தாந்தே என்னும் இத்தாலியப் பெருங்கவிஞரைப் பற்றிய ஆய்வுக்காக இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். துறவறம் புகுவதா என்று சில காலம் எண்ணிக் கலங்கினார். இறுதியில் இல்லறமே தம் அழைத்தல் எனக் கண்டு, 1841ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அமேலி சூலாக்ருவா என்னும் பெண்ணை லியோனில் மணந்தார். திருமண நாளின் நினைவாக ஒவ்வொரு மாதமும் 23ஆம் தேதி மனைவிக்கு மலர்ச்செண்டு கொடுப்பது அவர் வழக்கம். 1844இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியராக நிலைபெற்றார். 1845இல் மரி என்னும் மகள் பிறந்தாள்.

1852ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. ஓர் ஏழைக் குடும்பம் வறுமையால் தன் இழுப்பறை அலமாரியை அடகு வைத்திருந்தது. அதை மீட்டுப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க ஓசானாம் விரும்பினார். வீட்டு நிலையை எண்ணி மனைவி தயங்கவே, விட்டுவிட்டார். மாலையில் தம் மகளைச் சுற்றிக் குவிந்திருந்த விளையாட்டுப் பொருள்களையும் இனிப்புகளையும் பார்த்தபோது அவர் முகம் வாடியது. இனிப்பைத் தொடவில்லை. காரணம் புரிந்த மனைவி, போய் வாருங்கள் என்றார். உடனே சென்று அடகை மீட்டு, அதை அவ்வீட்டில் சேர்த்த பின்னரே மகிழ்ச்சியோடு திரும்பினார். நம் வீடுகளிலும் இத்தகைய கணக்கும் தயக்கமும் உண்டு அல்லவா?

தர்மமும் நீதியும்

தர்மம் மட்டும் போதாது என்பதையும் ஓசானாம் உணர்ந்திருந்தார். 1839, 1840ஆம் ஆண்டுகளில் லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோதே, தொழிலாளி ஒரு கருவியல்லன் என்றும், கூலி அவனுடைய பிழைப்புக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்றும் கற்பித்தார். தொழிலாளர் உரிமை பற்றிய பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் சுற்றுமடல் வெளிவந்தது 1891இல்தான் என்பதை எண்ணினால், இதன் அருமை விளங்கும்.

1848இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. திருச்சபை வல்லவர் பக்கம் சாயாமல் எளிய மக்கள் பக்கம் செல்ல வேண்டும் என்று ஓசானாம் எழுதினார். தேர்தலில் நின்று தோற்றார். ஜூன் மாதம் பாரிஸ் தெருக்களில் இரத்தம் ஓடியபோது, நண்பர் இருவருடன் பேராயர் ஆஃப்ர் ஆண்டகையிடம் சென்று, சமாதானம் செய்ய முன்வருமாறு வேண்டினார். பேராயர் இசைந்து, போராளிகளின் தடுப்பரணுக்குச் சென்றார். அங்கே குண்டடிபட்டு ஜூன் 27ஆம் நாள் உயிர்நீத்தார். நல்ல நோக்கோடு தாம் செய்த வேண்டுகோள் இப்படி முடிந்தது ஓசானாமுக்கு எத்தகைய துயரமாக இருந்திருக்கும்! கத்தோலிக்கர் பலரே அவருடைய கருத்துகளைக் கடிந்தார்கள். அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. ஏழைகளின் வீடுகளுக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை.

அன்னையின் திருநாளில்

சிறுநீரக நோய் அவரை மெல்ல அரித்தது. 1852இல் படுக்கையில் இருந்தபோது, மாணவர்கள் வகுப்புக்காகக் கூச்சலிடுவதாகக் கேள்விப்பட்டு, எழுந்து சென்று பாடம் நடத்தினார். அதுவே அவருடைய கடைசி வகுப்பு. உடல்நலம் நாடி இத்தாலிக்குச் சென்ற இடத்திலும் கிளைச்சபைகளை ஊக்குவிப்பதில் பொழுதைக் கழித்தார். தாய்நாட்டில் இறக்க விரும்பிக் கப்பலேறி மார்செய் துறைமுகம் வந்து சேர்ந்தார். 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று, தம் நாற்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னைக்கு நாம் விழா எடுக்கும் அதே நாள் அது. அவர் உடல் பாரிசில் கார்மேல் சபையாரின் பழைய கோவிலின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

1926இல் பிரேசில் நாட்டில் தொண்டை அடைப்பான் நோயால் சாகும் நிலையில் இருந்த ஒரு சிறுவன் இவருடைய பரிந்துரையால் குணமடைந்ததைத் திருச்சபை புதுமையென ஏற்றது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், உலக இளைஞர் மாநாட்டின்போது, பாரிஸ் பேராலயத்தில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். வழிகாட்டிய சகோதரி ரோசலியும் 2003இல் அப்பட்டம் பெற்றார். ஏழு பேருடன் தொடங்கிய சபை இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணி செய்கிறது.

நம்மை நோக்கி

அன்பார்ந்த பங்கு மக்களே, நம் பங்கின் வரலாறு பெருமைக்குரியதே. ஆயினும் அம்மாணவன் கேட்ட கேள்வி நம் கோவில் வாசலிலும் நிற்கிறது. நம் தெருவில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை யார்? பேச ஆளின்றிக் கிடக்கும் முதியவர் யார்? குடியால் சீரழிந்த வீடு எது? கடனுக்கு அஞ்சி கதவடைத்துக்கொண்டவர் யார்? பெயர் சொல்ல முடிகிறதா நமக்கு? அரிசியை ஆள் மூலம் அனுப்பிவிடலாம். அன்பை அப்படி அனுப்ப முடியாது. நாமே சென்று வாசற்படி ஏற வேண்டும்.

யூபிலியின் நினைவாக ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏழைக் குடும்பத்தை உறவாக ஏற்குமானால், அடுத்த யூபிலி மலரை எழுதுவோர் கோவிலின் உயரத்தோடு நம் உள்ளத்தின் அகலத்தையும் எழுதுவர். கடைசித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்கப்போவது பசித்தவரையும் நோயுற்றவரையும் பற்றியே என்பதை மறவாதிருப்போம். முத்திப்பேறு பெற்ற பிரெடரிக் ஓசானாமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.