அமேதேயோ அவகாட்ரோ

இரசாயன சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணவர் யாவரும் அவகாட்ரோ என்பதை ஓர் எண்ணின் பெயராகவே அறிவர். அப்பெயருடையார் கூறிய உண்மை ஏறக்குறைய ஐம்பதாண்டு கேட்பாரற்றுக் கிடந்த செய்தியை அறிந்தார் மிகச் சிலரே.

இன்று இத்தாலி தேசத்தைச் சேர்ந்துள்ள தூரின் நகரில் 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் அவர் பிறந்தார். குலவழியையொட்டிச் சட்டம் பயின்று, இருபதாம் பிராயத்திலேயே திருச்சபைச் சட்டத்தில் பண்டிதப் பட்டம் எய்தினார். ஆயினும் கணிதமும் பௌதிகமும் அவருள்ளத்தைக் கவர்ந்தன. 1809-இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அவ்வாண்டிலே பிரெஞ்சு அறிஞராகிய கே-லுஸாக் என்பார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இரண்டு படி ஜலவாயுவும் ஒரு படி பிராணவாயுவும் கூடினால் இரண்டு படி நீராவி உண்டாகும் என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. இதனைக் கண்டு 1811-இல் அவகாட்ரோ உரைத்ததாவது: வெப்பமும் அழுத்தமும் ஒத்திருப்பின், ஒத்த கன அளவுள்ள வாயுக்கள் யாவும் ஒத்த எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகளையே கொண்டிருக்கும் என்பதாம்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. ஒரு படி ஜலவாயுவின் நிறையை 1 எனக் கொண்டால், ஒரு படி பிராணவாயு 16, ஒரு படி நீராவி 9 ஆகும். எண்ணிக்கை ஒன்றேயாயின், பிராணவாயுவைத் தன்னகத்தே கொண்ட நீராவித் துகள் அப்பிராணவாயுத் துகளினும் இலேசாயிருப்பது எங்ஙனம்? முழுமையினும் பகுதி பெரிதாமோ? அவகாட்ரோ அஞ்சினாரல்லர். பிராணவாயுவின் மூலக்கூறு ஓரணு அன்று, ஈரணுக்களின் கூட்டம். நீர் உண்டாகுங்கால் அஃது இரண்டாகப் பிரிகின்றது என்றார். அவ்வாறாயின் கணக்கு நேராகும். நிறை 2 உள்ள ஜலவாயுவும் 16 உள்ள பிராணவாயுவும் கூடி 18 ஆகின்றன. அந்நீராவி இரண்டு படியாதலின் படிக்கு 9.

ஆங்கில அறிஞர் டால்ட்டன் இதனை ஏற்றிலர். ஓரினத்து அணுக்கள் ஒன்றையொன்று விலக்குமேயன்றிக் கூடா என்பது அவர் கொள்கை. நீரில் ஒன்றுக்கு ஒன்றாக அணுக்கள் கூடியுள்ளன என்றே அவர் கொண்டார். நிறையளவில் ஒரு பங்கு ஜலவாயுவுக்கு எட்டுப் பங்கு பிராணவாயு நீரில் உண்டு. டால்ட்டன் வழிப்படி பிராணவாயுவின் அணுநிறை 8. அவகாட்ரோ வழிப்படி 16. இவ்வொரு வேற்றுமையால் ஐரோப்பிய இரசாயனிகள் ஒரே பொருளுக்குப் பலவகைச் சூத்திரம் எழுதி இடர்ப்பட்டனர். தராசு எத்துணை நுட்பமாயினும் என்ன பயன்? அணுக்களின் எண்ணிக்கையைத் தராசு மட்டும் கூறவல்லதன்றே!

1820-இல் தூரின் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியரானார். மறு ஆண்டு நாட்டில் கலகம் எழுந்தது. அதன்பின் அப்பதவி எடுபட்டுப் பல்லாண்டு கழித்தே மீண்டும் கிடைத்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

நான்காண்டுகள் சென்றபின், 1860-இல் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயனிகளின் பேரவை கூடிற்று. ஆங்கே இத்தாலியராகிய கன்னிஸாரோ அவகாட்ரோவின் கொள்கையை எடுத்து நிலைநாட்டினார். அவர் எழுதிய சிறு நூல் அவையோர்க்கு வழங்கப்பட்டது. அதனைப் படித்துத் தெளிந்தாருள் லோதர் மேயர் ஒருவர். மெண்டலீவும் அவ்வவையில் இருந்தார். பின்னர் இவ்விருவரும் தனித்தனியே மூலப்பொருள்களை வரிசைப்படுத்தியது, அங்ஙனம் திருந்திய அணுநிறைகளைக் கொண்டே.

அவர் பெயர் தாங்கிய எண்ணை அவர் கணக்கிட்டவரல்லர். 1909-இல் பிரெஞ்சுக்காரராகிய பெரேன் அதற்கு அப்பெயரிட்டார். 18 கிராம் நீரில் அடங்கிய மூலக்கூறுகளின் தொகை ஏறக்குறைய அவ்வெண்ணேயாகும். 6022-க்குப் பின் இருபது சுழியிட்டால் அத்தொகை கிட்டும்.