போத்தலில் இல்லாத பெயர்

பள்ளி விடுமுறையில் கேக் செய்ய வாங்கிய வெனிலா போத்தலில் 'போர்போன் வெனிலா' என்று அச்சிட்டிருந்தது. போர்போன் யாரோ ஓர் அறிவியலாளர் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தேன். அது ஆளின் பெயரன்று. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவின் பழைய பெயர். அந்தத் தேடலில்தான் எட்மண்ட் அல்பியஸ் எனக்கு அறிமுகமானார்.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் ஈரமான காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு அது ஏறுகிறது. அதன் இளம்பச்சைப் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். பூவுக்குள் மகரந்தத்தையும் சூல்முடியையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. தாயகத்தில் அந்தத் தடையைத் தாண்டி மகரந்தச் சேர்க்கை நடக்க அங்குள்ள தேனீக்கள் உதவுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை ரியூனியனுக்குக் கொண்டுவந்தார்கள். தேனீக்கள் உடன் வரவில்லை. கொடி செழித்தது, காய் பிடிக்கவில்லை.

எட்மண்ட் 1829இல் அத்தீவின் சேன்ட் சூசான் ஊரில் அடிமையாகப் பிறந்தார். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். எஜமானர் பெல்லியே-போமோன் சிறுவனைத் தோட்டத்துக்கு உடன் அழைத்துச் சென்று செடிகளைப் பற்றிக் கற்றுக்கொடுத்தார். 1841இல், 12 வயதில், எட்மண்ட் ஒரு மெல்லிய குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தினார். காய் பிடித்தது! மற்ற தோட்டங்களுக்கும் சென்று அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். அதே நூற்றாண்டில் வெனிலா உற்பத்தியில் ரியூனியன் மெக்சிகோவையே முந்தியது.

தீவு செழித்தது; அவர் செழிக்கவில்லை. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோதுதான் அவருக்கு 'அல்பியஸ்' என்ற குடும்பப் பெயரே கிடைத்தது. பிறகு திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். தீவுக்கு அவர் செய்த நன்மையை எடுத்துக்காட்டி முன்னாள் எஜமானர் மன்றாடியதால் தண்டனை குறைக்கப்பட்டது. ரிஷார் என்ற தாவரவியலாளர் அந்த முறையைத் தாமே கற்றுக்கொடுத்ததாக உரிமை கோரினார். அதையும் எஜமானர் மறுத்து எழுதினார். 1880இல் எட்மண்ட் வறுமையில் இறந்தார்.

மாணவ நண்பர்களே, வெனிலாத் தோட்டங்களில் இன்றும் தொழிலாளர்கள் பூப்பூவாகக் கையால்தான் மகரந்தச் சேர்க்கை செய்கிறார்கள். எட்மண்ட் காட்டிய அதே முறைதான். என் போத்தலில் தீவின் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. அடுத்த முறை வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.