அணையாத அடுப்பைச் செய்த டாலேன்

இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஒருத்தர், அதுவும் இரண்டு கண்ணும் போன பிறகு, சமையலறைக்கு அடுப்பு செய்தார்னு சொன்னா நம்புவீங்களா? அவர் பெயர் குஸ்டாஃப் டாலேன், ஊர் ஸ்வீடன். அவர் செய்த அடுப்பின் பெயர் ஆகா. ஆமாங்க, பேரே ஆகாதான்! நூறு வருஷம் தாண்டியும் அது விற்பனையில இருக்கு.

டாலேன் 1869-ல் ஸ்டென்ஸ்டார்ப் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பண்ணையைப் பார்த்துக்கொண்டே, பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். அதை எடுத்துக்கிட்டு குஸ்டாஃப் டி லவால் என்பவரைப் பார்க்கப் போனார். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்கும், லவால் நாசில் இவருடையதுதான். கருவியைப் பார்த்த லவால், முதலில் முறையா இன்ஜினியரிங் படிச்சிட்டு வரச் சொன்னார். டாலேனும் கோதன்பர்க்கில் உள்ள சால்மர்ஸில் சேர்ந்து 1896-ல் படிப்பை முடித்தார். பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு வருஷம் படித்தார்.

அந்தக் காலத்தில் ஸ்வீடன் கடற்கரைக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகள். கப்பல் மோதாமல் இருக்க விளக்கு வேணும். ஆனா ஒவ்வொரு பாறையிலும் ஒரு ஆளைக் குடியமர்த்த முடியுமா? அசிட்டிலீன் வாயு நல்ல வெளிச்சம் தரும், ஆனா அழுத்தினால் வெடிக்கும். டாலேன் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊற்றி, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைத்தார். அடுத்து, விளக்கைத் தொடர்ந்து எரிய விடாமல் விட்டு விட்டு மின்ன வைத்தார். இதிலேயே பெரும்பகுதி வாயு மிச்சம்.

1907-ல் வந்ததுதான் சூரிய வால்வு. நடுவில் ஒரு கருப்புக் கம்பி, சுற்றி மூன்று பளபளப்பான கம்பிகள், அவ்வளவுதான். பகலில் கருப்புக் கம்பி வெளிச்சத்தை அதிகமாக உறிஞ்சி, மற்ற மூன்றையும் விட அதிகமாக நீளும். அந்தத் துளி வித்தியாசமே வால்வை மூடிவிடும். இருட்டினால் தானா திறக்கும். சரி, வெயில் காலத்தில் எல்லாக் கம்பியும் சூடாகி நீண்டால்? நாலும் ஒண்ணா நீளும், வித்தியாசம் வராது. வெப்பநிலையை விட்டுட்டு வெளிச்சத்தை மட்டும் அளக்கிற வேலையை, ஒரு சர்க்யூட் கூட இல்லாமல் செய்துவிட்டார். கலங்கரை விளக்கம் மாதக்கணக்கில் ஆளே இல்லாமல் இயங்கியது.

1912-ல் வாழ்க்கை தலைகீழானது. சிலிண்டர்கள் தீயின் சூட்டைத் தாங்குமா என்ற பாதுகாப்புச் சோதனையின்போது வெடிப்பு நிகழ்ந்தது. டாலேன் உயிர் பிழைத்தார், பார்வை போனது. அதே வருஷம் நோபல் பரிசு. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாகப் பரிசை வாங்கியது அண்ணன் ஆல்பின். அவர் கண் டாக்டர். தம்பியின் கண்ணை அவராலும் மீட்க முடியவில்லை.

டாலேன் ஓய்வு எடுக்கவில்லை. 1937-ல் இறக்கும் வரை ஆகா நிறுவனத்தை அவரே நடத்தினார். வீட்டில் மனைவி எல்மா அடுப்போடு படும் பாட்டைக் கவனித்துத்தான் அடுத்த வேலையை எடுத்தார் என்று சொல்வார்கள். அன்றைய கரி அடுப்பைக் காலையில் மூட்டணும், அடிக்கடி கரி போடணும், சாம்பல் அள்ளணும், சூடு ஏறுதா இறங்குதான்னு பார்த்துக்கிட்டே நிற்கணும்.

1922-ல் ஆகா அடுப்பு வந்தது. கனமான வார்ப்பிரும்பு உடம்பு. உள்ளே ஒரு சின்ன நெருப்பு, இரவும் பகலும் அணையாது. இரும்பு அந்தச் சூட்டைச் சேமித்து வைக்கும். சுற்றிலும் தடிமனான வெப்பக் காப்பு. நெருப்புக்குப் போகும் காற்றைத் தெர்மோஸ்டாட் கூட்டிக் குறைக்கும். ஒரு ஓவன் நெருப்புக்குப் பக்கத்தில், வறுப்பதற்கு. இன்னொன்று தள்ளி, மெதுவாக வேக வைப்பதற்கு. திருகி வெப்பத்தை மாற்றும் வேலையே கிடையாது, எந்த அறையில் வைக்கிறோமோ அதுதான் வெப்பநிலை.

யோசிச்சா இது கலங்கரை விளக்கத்தின் அதே கணக்குதான். கொஞ்சம் எரிபொருள், தானாக இயங்கும் கட்டுப்பாடு, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம்.

இப்போ மாடுலர் கிச்சன் சுவரில் பதிக்கிற எலக்ட்ரிக் ஓவனோட இதை ஒப்பிடலாம். புது ஓவனின் உடம்பு மெல்லிய தகடு, அதனால் சில நிமிஷத்தில் சூடேறும். ஃபேன் சூடான காற்றைச் சுழற்றும். வேலை முடிஞ்சா அணைச்சிடலாம். பழைய ஆகாவில் சூடு இரும்புச் சுவர்களில் இருந்து கதிர்வீச்சாக வரும், கதவைத் திறந்து மூடினாலும் சட்டுனு இறங்காது. ஆனா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் சமைக்கிற வீட்டில் 24 மணி நேரமும் எரியும் அடுப்பு வீண்செலவு. கோடையில் வீடே வெந்துடும். அதனால்தான் இன்றைய ஆகா மாடல்களில் தேவையானபோது மட்டும் ஆன் செய்யும் வசதி வந்திருக்கு.

அப்போ டாலேன் செய்தது தப்பான டிசைனா? இல்லைன்னுதான் நினைக்கிறேன். குளிர் நாடு, கரிதான் எரிபொருள், மூட்டவே நேரம் பிடிக்கும் நெருப்பு, நாள் முழுக்க சமையல். அந்தக் கணக்குக்கு அணையாத சின்ன நெருப்புதான் சரியான விடை. எரிபொருள் மாறியது, வீட்டில் சமைக்கும் நேரம் குறைந்தது, விடையும் மாறியது. ஆனா அவர் குறைக்க நினைத்த செலவில் கரி மட்டும் இல்லை, அடுப்படியில் நிற்கிற ஒருத்தரின் நாளும் சேர்த்திதான். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எஃபிஷியன்சி கணக்குப் போடும்போது, அந்த மாதிரி ஒரு வரிக்கு இடம் இருக்கான்னு பாருங்க.