பத்து காஜா கெல்லி துரை: கட்டி முடியாத கோட்டையும் கட்டி முடித்த கோயிலும்

பத்து காஜா, கோப்பேங் சாலையில் கெல்லி கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், அருகிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தவர்களுக்கு அங்கே ஓர் ஆச்சரியம் உண்டு. ஆலயக் கூரையில் தெய்வச் சிலைகளோடு வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். தோட்ட மக்கள் தங்கள் முதலாளிக்கு வைத்த சிலை அது. அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித்.

ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில் 1870-இல் பிறந்தவர் அவர். விவசாயக் குடும்பம். 20 வயதில், 1890-இல், பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தார். அப்போது கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்துக் கொண்டிருந்தது. பத்து காஜாதான் கிந்தாவின் நிர்வாகத் தலைநகர். நில அளவையாளர் சார்லஸ் அல்மா பேக்கரிடம் வேலைக்குச் சேர்ந்த ஸ்மித், காடு வெட்டுதல், சாலை போடுதல் ஆகிய குத்தகைகளில் பணம் சேர்த்தார்.

அந்தப் பணத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலம் வாங்கி ரப்பர் நட்டார். சொந்த ஊர் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். பின்னர் அதே பெயரில் ஈயக்கப்பல் நிறுவனமும் எழுந்தது. 1903-இல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள்.

மகன் அந்தோணி 1915-இல் பிறந்தான். வாரிசு பிறந்த மகிழ்ச்சியில், பழைய பங்களாவை ஒட்டி ஒரு மாளிகையைத் தொடங்கினார் துரை. மலாயாவில் அதுவரை இல்லாத மின்தூக்கி, ஆறு மாடிக் கோபுரம், மொட்டை மாடியில் விருந்துக்கு இடம் என்று திட்டம் பெரியது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள வளைவுகள் அந்நியமாகத் தெரியாது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. அவற்றோடு சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 70 கைவினைஞர்களும் கப்பலேறி வந்தனர்.

உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் 1918-இல் இங்கும் பரவியது. கட்டுமானத் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். கடல் கடந்து வந்தவர்களுக்கு ஊருக்குச் செய்தி அனுப்பவும் வழி குறைவு. எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டனர். அம்மை முதலிய நோய்களிலிருந்து காப்பவள் அவள்தானே! துரை மறுக்கவில்லை. மாளிகைக்குச் சற்றுத் தூரத்தில் கோயில் எழுந்தது. அந்த நன்றிக்குத்தான் கூரையில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது.

கோயில் முடிந்தது; மாளிகை முடியவில்லை. போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. 1922-இல் பிரிட்டிஷ் அரசு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு நிலைமை மோசமானது. இருந்தும் துரை கட்டடத்தைக் கைவிடவில்லை. 1926-இல் ஐரோப்பா சென்றார். மின்தூக்கியை வாங்கி வரத்தான் போனார் என்பது இப்பக்கத்தில் சொல்லப்படும் கதை. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். வயது 56. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்றார். மாளிகையைக் காடு மூடியது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது சுற்றுலாத் தலமானது. 1999-இல் வெளிவந்த ஹாலிவுட் படத்திலும் இடம்பிடித்தது. மின்தூக்கிக்காக விட்ட இடம் இன்றும் வெறும் கூடாகவே இருக்கிறது.

கெல்லி துரைக்கு இரண்டு நினைவுச் சின்னங்கள். ஒன்று அவர் தமக்காகத் தொடங்கியது. அதில் அவர் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. மற்றொன்று தொழிலாளர்களுக்காகக் கொடுத்தது. அதில் இன்றும் விளக்கு எரிகிறது. ஆனால் இரண்டையும் கட்டிய அந்த 70 பேருக்கும் காய்ச்சலில் போனவர்களுக்கும் ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், துரையின் கதையோடு அவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். திரும்பும் வழியில் கோயிலுக்கும் ஒரு நடை போய் வரலாம்.