துலாக்கோல் காட்டிய உண்மை

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில், 1743ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் அந்துவான் இலவாய்சியர் பிறந்தார். வழக்கறிஞராகிய தந்தையாரைப் போன்றே அவரும் சட்டம் பயின்று தேறினார். ஆயினும், அவர்தம் உள்ளம் இயற்கைப் பொருள்களின் இயல்பை ஆராய்வதிலேயே தோய்ந்து நின்றது. 1768ஆம் ஆண்டில் அவர் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினரானார்.

நீரை நெடுநாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று அக்காலத்தார் பலர் நம்பினர். இலவாய்சியர் மூடிய கண்ணாடிக் கலத்தில் நீரை இட்டு 101 நாள் காய்ச்சினார். கலத்தில் வண்டல் தோன்றியது. ஆயினும் மொத்த எடை மாறவில்லை. நீரை அகற்றிக் கலத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தபோது, அதன் எடை குறைந்திருந்தது. வண்டல் நீரினின்று பிறந்ததன்று, கண்ணாடியினின்று கரைந்து வந்ததே என்பது புலனாயிற்று. கண் மயங்கிய இடத்தில் துலாக்கோல் உண்மையைக் காட்டிற்று.

பொருள் எரியும்போது அதனுள் உறையும் பிளாஜிஸ்தன் என்பது வெளியேறுகிறது என்பது அந்நாளைய கொள்கை. ஒன்று வெளியேறினால் எடை குறையவேண்டும் அன்றோ? கந்தகமும் பாசுபரசும் எரிந்தபின் எடை மிகுவதை 1772ஆம் ஆண்டில் இலவாய்சியர் கண்டார். பின்னர், மூடிய கலத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். செந்நிறப் பொடி படர்ந்தது. காற்றின் ஒரு பகுதி மறைந்தது. எஞ்சிய காற்றில் விளக்குச் சுடர் அவிந்தது. அப்பொடியை மேலும் சூடாக்கவே, மறைந்த வளி மீண்டும் வெளிப்பட்டது. அதுவே உயிர்வளியாகிய ஆக்சிஜன். சீலே, பிரீஸ்ட்லி என்னும் அறிஞர்கள் அவ்வளியை முன்னரே கண்டிருந்தனர். எரிதல் என்பது அதனோடு கூடுதலே என விளக்கியவர் இலவாய்சியர். வேதியியல் மாற்றத்தில் பொருள்களின் மொத்த எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்னும் விதியையும் அவர் நிலைநாட்டினார். 1789ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது வேதியியல் நூலுக்குப் படங்கள் வரைந்து உதவியவர் அவர் மனைவியார் மேரி அம்மையார்.

அரசனுக்காக வரி தண்டும் குழுவில் இலவாய்சியர் பங்கு கொண்டிருந்தார். அதனால் வந்த பொருளில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. வரிச்சுமையால் வாடிய மக்களோ அக்குழுவினரை வெறுத்தனர். புரட்சி மூண்டபின், 1793ஆம் ஆண்டில் அவர் சிறைப்பட்டார். 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் குழுவினர் பலரும் ஒருசேர விசாரிக்கப்பட்டு, அன்றே தலை துணிக்கப்பெற்றனர். இலவாய்சியருக்கு அப்போது அகவை ஐம்பது. பறித்த உடைமைகளைப் பின்னாளில் அரசு அம்மையாரிடம் திருப்பி அளித்தது. போன உயிரை யாரே அளிக்க வல்லார்?

மக்களின் துயரம் மெய்யானது. அவர்கள் வெகுண்டதும் இயல்பே. எனினும், ஒரு கூட்டத்தார்மேற் கொண்ட வெகுளி, அவருள் ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே சீர்தூக்கிப் பார்க்கத் தவறியது. இலவாய்சியரோ ஒரு சிட்டிகைப் பொடியையும் நிறுத்துப் பாராமல் முடிவு கூறியதில்லை. மாணவர்களே, பொருளை ஆராய்வார்க்கு வேண்டும் அப்பொறுமை, மாந்தரை மதிப்பிடுவார்க்கு அதனினும் மிகுதியாக வேண்டும்.