சீனாவை நேசித்த பத்திரிகை அதிபர்: ஹென்றி லூஸின் வாழ்வு தரும் பாடம்

சீனாவை எவ்வாறு நோக்க வேண்டும் என்ற வாதம் அமெரிக்காவில் ஓய்ந்ததே இல்லை. சீனாவிடம் ஏமாந்துவிட்டோம் என்று பழைமைவாத விமர்சகர்கள் முழங்குவதும், ஊடகங்களே உண்மையை மறைத்தன என்று பழி சுமத்துவதும், அதற்கு மறுதரப்பினர் பதிலடி கொடுப்பதும் அந்நாட்டு அரசியலில் வழமையாகிவிட்டன. ஆயினும் இந்த வாதம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் அரசியல்வாதியல்லர். ஒரு பத்திரிகை அதிபர். 'டைம்', 'ஃபோர்ச்சூன்', 'லைஃப்' ஆகிய சஞ்சிகைகளைத் தோற்றுவித்த ஹென்றி லூஸ் என்பவரே அவராவார்.

லூஸ் சீனாவை வெறுத்தவர் அல்லர். அமெரிக்கப் பத்திரிகை உலகில் அவரைப் போல் சீனாவை நேசித்தவர் எவருமிலர் என்றே கூறலாம். அந்த நேசமே அவருடைய கண்ணை மறைத்தது என்பதனாலேயே அவரது வாழ்வு இன்றும் கவனத்திற்குரியதாகின்றது.

1898 ஏப்ரல் 3 ஆம் திகதி சீனாவின் ஷான்டொங் மாகாணத்திலுள்ள டெங்சௌ என்ற கரையோர நகரில் லூஸ் பிறந்தார். தந்தையார் அங்கு கல்விப் பணியில் ஈடுபட்டிருந்த அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரி. லூஸுக்கு இரண்டு வயதாக இருக்கையில் வெளிநாட்டவருக்கு எதிரான பொக்ஸர் கிளர்ச்சி மூண்டது. குடும்பத்தினர் கொரியாவுக்குத் தப்பிச் சென்று பின்னர் திரும்பி வந்தனர். மிஷன் வளவின் மதில்களுக்குள் வளர்ந்த அச்சிறுவன், கண்டிப்புக்குப் பெயர்போன ஆங்கிலேய விடுதிப் பாடசாலையொன்றில் பயின்றான். பேச்சில் திக்கல் இருந்தது. மதிலுக்கு வெளியே பசியோடும் கடனோடும் வாழ்ந்த சீன விவசாயியை விட, மதிலுக்குள் வந்து கல்வி கற்ற சீனரையே அவன் நெருக்கமாக அறிந்திருந்தான். பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இது முக்கியமானதாகும்.

1913 இல் அமெரிக்காவின் ஹொட்ச்கிஸ் பாடசாலையில் உதவிப்பணம் பெறும் மாணவராகச் சேர்ந்தார். அங்கு அறிமுகமான பிரிட்டன் ஹேடன் என்பவரோடு யேல் பல்கலைக்கழகத்திலும் ஒன்றாகப் படித்து, மாணவர் நாளிதழை நடத்தினார். 1923 மார்ச் மாதத்தில் இருவரும் 'டைம்' வார சஞ்சிகையைத் தொடங்கியபோது லூஸுக்கு வயது 25 நிரம்பியிருக்கவில்லை. நாளிதழ்களை முழுமையாகப் படிக்க நேரமில்லாத வாசகருக்கு உலகச் செய்திகளைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தி, பொருள் விளங்கத் தருவதே அவர்களது நோக்கம். 1929 இல் ஹேடன் இளவயதிலேயே மறைந்தார். பொறுப்பு முழுவதும் லூஸின் கைக்கு வந்தது. 1930 இல் 'ஃபோர்ச்சூன்', 1936 இல் புகைப்படங்களால் பெயர்பெற்ற 'லைஃப்', வானொலியிலும் திரையரங்கிலும் செய்தித் தொடர்கள் என அவரது நிறுவனம் விரிந்தது. தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில் நடுத்தர வர்க்க அமெரிக்கர் உலகைப் பார்த்த சாளரமாக இவை விளங்கின.

'டைம்' இயங்கிய முறையையும் இங்கு கவனித்தல் வேண்டும். தூர தேசங்களிலுள்ள நிருபர்கள் விபரங்களை அனுப்புவர். நியூயோர்க்கிலுள்ள ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தி எழுதுவர். கட்டுரைகளில் எழுதியவரின் பெயர் இராது. களத்தில் நின்றவர் கண்டது எது, தலைமையகம் சேர்த்தது எது என்பதை வாசகர் அறிய வழியில்லை. பக்கச்சார்பின்மை என்று தாம் எதனையும் நம்பவில்லை என்பதை லூஸ் ஒளித்ததுமில்லை. தமது முடிவுகள் நியாயமானவை என்று அவர் உறுதியாக நம்பினார். ஆபத்து அங்கேதான் இருந்தது.

சீனாவின் ஆட்சியாளர் சியாங் கை ஷேக் 1930 இல் கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற்றவர். அவரது மனைவி சூங் மேலிங் அமெரிக்காவில் படித்தவர். தந்தையார் கண்ட கனவு இத்தம்பதியரின் வடிவில் நனவாகின்றது என லூஸ் கருதினார். 1937 ஆம் ஆண்டுக்குரிய தம்பதியராக அவர்களை 'டைம்' தெரிவுசெய்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பினால் சிதைந்த சீனாவுக்கு நிவாரணம் திரட்ட 1941 இல் உருவான அமைப்பின் பின்னணியில் லூஸே இருந்தார். சீனர் அமெரிக்காவில் குடியேறுவதற்கு விதிக்கப்பட்டிருந்த தடைச் சட்டம் 1943 இல் நீக்கப்படுவதற்கும் அவர் ஆதரவளித்தார். இவை போற்றத்தக்க பணிகளே.

1943 இல் ஹெனான் மாகாணத்தில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் சியாங்கின் அதிகாரிகளும் படையினரும் தானிய வரியை அறவிட்டுக்கொண்டிருந்தனர். 'டைம்' நிருபர் தியோடர் வைட் நேரில் சென்று கண்டு அறிக்கை அனுப்பினார். அது வெளியானவேளை அமெரிக்காவில் சுற்றுப்பயணத்திலிருந்த சூங் மேலிங் சீற்றமுற்று, அந்நிருபரைப் பணிநீக்குமாறு லூஸைக் கோரினார். லூஸ் மறுத்துவிட்டார். பத்திரிகையாளர் என்ற வகையில் அவர் நிமிர்ந்து நின்ற தருணம் அது.

ஆனால் அடுத்த ஆண்டிலேயே நிலைமை மாறியது. சியாங்குடன் முரண்பட்ட அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் 1944 ஒக்டோபரில் திருப்பியழைக்கப்பட்டார். ஊழலும் செயலின்மையும் மலிந்த ஆட்சியை நம்பிப் பயனில்லை என்ற கருத்துப்பட வைட் எழுதியனுப்பினார். நியூயோர்க்கில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் ஆசிரியராக இருந்த விட்டேக்கர் சேம்பர்ஸ் அதனைத் தலைகீழாக மாற்றி, சியாங்கை நியாயப்படுத்தும் கட்டுரையாக்கினார். லூஸ் ஆசிரியரின் பக்கமே நின்றார். சுங்கிங்கில் தாம் எழுதுவதற்கும் சஞ்சிகையில் அச்சாவதற்கும் ஒற்றுமை இருந்தால் அது தற்செயலே என்ற அறிவிப்பை வைட் தமது அலுவலகத்தில் மாட்டிவைத்தார் என்பர். 1946 இல் அவர் விலகினார்.

1949 இல் மாவோ சேதுங்கின் கம்யூனிஸ்ட் கட்சி வெற்றிபெற, சியாங் தாய்வானுக்குப் பின்வாங்கினார். லூஸின் வாசகர்களுக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது. வீரராகவும் மக்கள் தலைவராகவும் தாம் பல்லாண்டுகளாகப் படித்தறிந்த ஒருவர் எவ்வாறு தோற்க முடியும்? உள்ளிருந்த காரணங்கள் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. எனவே யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று. சீனாவை இழந்தது யார் என்ற கூக்குரல் எழுந்தது. 1950 இல் செனட்டர் மக்கார்த்தி அதனைத் தமது ஆயுதமாக்கிக்கொண்டார். லூஸ் மக்கார்த்தியை விரும்பவில்லை. 1951 இல் 'டைம்' அவரை மக்களின் உணர்ச்சிகளைத் தூண்டிப் பிழைப்பவர் என அட்டைப்படத்துடன் சாடவும் செய்தது. எனினும் அவர் விதைத்த நிலத்தைப் பண்படுத்தியதில் லூஸின் சஞ்சிகைகளுக்கும் பங்கிருந்தது. சியாங்கின் பலவீனங்களை முன்கூட்டியே அறிவித்த இராஜாங்கத் திணைக்கள அதிகாரிகளான ஜோன் சேர்விஸ், ஜோன் டேவிஸ் போன்றோர் பதவியிழந்தனர். ஆசியாவை நன்கறிந்தோர் அகற்றப்பட்டமைக்கான விலையை அமெரிக்கா பின்னர் வியட்நாமில் செலுத்தியது என்று கருதுவோர் பலர்.

அக்காலக் காய்ச்சல் இலங்கையையும் தீண்டியது. அரிசித் தட்டுப்பாட்டினாலும் இறப்பர் விலை வீழ்ச்சியினாலும் நெருக்கடிக்குள்ளான அன்றைய ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் 1952 டிசெம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி உடன்படிக்கையைச் செய்துகொண்டது. அவ்வரசாங்கம் கம்யூனிஸத்தை ஆதரித்ததன்று. ஆயினும் சீனாவுக்கு இறப்பர் விற்ற காரணத்தால் இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது.

லூஸுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். மாவோவின் ஆட்சியைப் பற்றி அவர் கொண்ட அச்சம் ஆதாரமற்றதன்று. 1959 முதல் 1961 வரையான பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கான சீனர் மாண்டனர். ஆனால் எதிரி கொடியவன் என்பது உண்மையானாலும், நண்பனின் குற்றங்கள் அதனால் பொய்யாகிவிடமாட்டா. லூஸ் தவறியது இவ்விடத்திலேயே.

இதில் ஒரு முரணும் உண்டு. பத்திரிகைச் சுதந்திரத்தை ஆராய்வதற்கென ஹட்சின்ஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழுவுக்கு இரண்டு இலட்சம் டொலர் வழங்கியவர் லூஸே. அன்றாட நிகழ்வுகளின் உண்மையான, முழுமையான சித்திரத்தைத் தருவது ஊடகங்களின் கடமை என 1947 இல் வெளியான அதன் அறிக்கை வலியுறுத்தியது. அறிக்கை அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. அவ்வளவுகோலைத் தமது சீனக் கட்டுரைகளுக்குப் பிரயோகித்துப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

1967 பெப்ரவரி 28 ஆம் திகதி அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் லூஸ் காலமானார். 1949 இன் பின்னர் பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்க அவருக்கு வாய்க்கவில்லை. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளில், கம்யூனிஸ எதிர்ப்பினாலேயே உயர்ந்த ஜனாதிபதி நிக்சன் பீஜிங் சென்று மாவோவின் கையைக் குலுக்கினார்.

ஆசிரியர் மேசையில் அமர்ந்திருக்கும் நாம் லூஸை எளிதில் குறைகூறிவிட முடியாது. பகைவரைப் பற்றிய செய்தியை ஆயிரம் முறை சரிபார்க்கும் நாம், நாம் நேசிப்போரைப் பற்றிய கசப்பான செய்தி வரும்போது தயங்குகின்றோம்; காலம் சரியில்லை என்கின்றோம். நம்மவரின் நன்மைக்கே அதனைச் செய்கின்றோம் என்றும் நம்புகின்றோம். லூஸும் அவ்வாறே நம்பினார். அவர் மறைத்த உண்மைகள் சியாங்கைக் காப்பாற்றவில்லை. அவரை நம்பிய வாசகர்களோ, தோல்வி வந்தபோது அதன் காரணத்தை அறியாதவர்களாய், பழி சுமத்துவதற்கு ஆள் தேடி அலைந்தனர். நேசத்துக்குரியோரின் குறைகளையும் வாசகரிடம் சொல்லத் துணிவதே பத்திரிகையாளரின் கடினமான கடமையாகும்.