ரோமிலிருந்து மதுரைக்கு வந்த தீர்ப்பு

இடைக்காலத்துப் போப்புகள் பாவமன்னிப்பு பற்றி மட்டும் பேசவில்லை. நாடுகளையும் எழுதிக் கொடுத்தார்கள். 1455-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் வழங்கிய ஆணை, முஸ்லிம்களின் நிலங்களைக் கைப்பற்றவும் அவர்களை அடிமைகளாக்கவும் போர்ச்சுகல் மன்னருக்கு உரிமை தந்தது. 1538-இல் வேதாளையில் மரைக்காயர்களின் கப்பல்களை அழித்தவர்கள் அந்த உரிமையோடு கிழக்கே வந்தவர்கள்தான்.

அதே பீடத்தின் அதிகாரம் மதுரைக்குள் வந்த விதம் வேறு. 1577-இல் இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் டி நொபிலி, இயேசு சபைப் பாதிரியாராக 1606-இல் மதுரை வந்தார். அப்போது நாயக்கர் ஆட்சி. அவருக்கு முன்பே இங்கிருந்த பெர்னாண்டஸ் என்ற பாதிரியாரால் பல ஆண்டுகள் உழைத்தும் உள்ளூர் மக்களை ஈர்க்க முடியவில்லை. கிறிஸ்தவராவது என்றால் மாட்டிறைச்சி தின்னும், மது அருந்தும் பறங்கியாவது என்றே மக்கள் நினைத்தார்கள்.

நொபிலி காவி உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார், பூணூல் அணிந்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். மேல்சாதியினருக்குத் தனிக் கோயிலும் வைத்தார். சாதியை அப்படியே ஏற்றுக்கொண்ட இந்த வழி எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அவருடைய உழைப்பை மறுக்க முடியாது.

1610-இல் பெர்னாண்டஸ் புகார் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மதச் சின்னங்களா, குலத்தையும் கல்வியையும் காட்டும் ஊர்வழக்கமா? இதுதான் வழக்கு. நம் ஃபிக்ஹு நூல்களில் 'உர்ஃப்' என்ற தலைப்பில் பேசப்படும் கேள்விதான் இது. திருமணத்தில் கருகமணி கட்டுவது பற்றி நம் ஆலிம்கள் இன்றும் மாறுபட்டுப் பேசுகிறார்கள். ஒரு முஃப்தியின் ஃபத்வா இன்னொரு முஃப்தியைக் கட்டுப்படுத்தாது. நொபிலிக்கு அந்த இடமில்லை. 1619-இல் கோவாவில் கூடி விவாதித்தும் முடிவு ரோமிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதிருந்தால் அனுமதி என்று தீர்ப்பளித்தார்.

பிறகு மதுரையில் சிறைவாசம், மங்கிப்போன பார்வை, யாழ்ப்பாணம், கடைசியில் மயிலாப்பூர். 1656-இல் அங்கே இறந்தார்.

1704-இல் போப்பின் தூதர் டூர்னோன், நொபிலி வழிவந்தவர்களின் பழக்கங்கள் பலவற்றுக்குத் தடை விதித்தார். 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதி செய்தார்.